கூடைக் கணக்கும் கிராம் கணக்கும்

மீன் பண்ணைக் கொட்டகை ஒன்றுக்குள் இன்றைக்கு நுழைந்தால், வழி தவறி மருந்துக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். ஒரத்தநாட்டுப் பக்கம் என் அண்ணன் மகன் நடத்தும் பண்ணையும் அப்படித்தான். அலமாரி நிறைய டப்பாவும் பையும். மினரல் மிக்ஸ், வைட்டமின் சி, குடலுக்கு ஒரு புரோபயாடிக், தண்ணீருக்கு இன்னொரு புரோபயாடிக், ஈஸ்ட் பொடி, லிவர் டானிக், டாக்சின் பைண்டர். இத்தனையையும் தீவனத்தின் மேல் ஒட்டவைக்க ஒரு பசை. அதற்கு ‘ஜெல்’ என்று பெயர். மூலையில் கிராம் கணக்கில் நிறுக்க ஒரு சின்னத் தராசு. நகைக்கடையை விட்டால் எங்கள் பகுதியில் அவ்வளவு நுணுக்கமான தராசு மீனுக்குத்தான் இருக்கிறது.

என் அப்பாவுக்கும் குளக்கரையில் ஒரு கொட்டகை இருந்தது. அதில் தவிடு, கடலைப் புண்ணாக்கு, சுண்ணாம்பு என்று மூன்று சரக்குதான். நாலாவது சரக்கான சாணி கொட்டகைக்குள் வராது. மாட்டுத் தொழுவத்திலிருந்து நேரே குளத்துக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் கூடைதான் அளவு. “இன்னைக்கு எத்தனை கூடைப்பா?” என்று கேட்டால், “தண்ணி நெறத்தப் பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். பார்த்துவிட்டு வந்து, “ரெண்டு போடு, மீதிய நாளைக்குப் பாக்கலாம்” என்பார். அந்தக் குளத்து மீன்களின் ஊட்டச்சத்து ஆலோசனை அத்தோடு முடிந்தது.

குளம் எங்களுடையது இல்லை. பஞ்சாயத்துக் குளம், மீன்பாசி ஏலத்தில் எடுப்பார். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால், கல்லணை தாண்டி வந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது போக மிச்சம், ஆடி ஆவணியில் குளத்துக்கு வந்து சேரும். அப்போது குஞ்சு விடுவார். சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கும்போது வலை போடுவார். நடுவில் வளர வேண்டியது மீனுடைய பொறுப்பு.

அந்தக் குஞ்சுகள் கிடைத்ததே ஒரு புண்ணியவானால். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஆற்று வெள்ளத்தில்தான் முட்டையிடும்; தேங்கிய குளத்தில் இடாது. அதனால் வெள்ளத்தில் வலை கட்டி, கிடைத்த குஞ்சையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவதுதான் பழைய வழக்கம். அதில் எது கட்லா, எது கட்லாவைத் தின்கிற மீன் என்பது வளர்ந்த பிறகே தெரியும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில், ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை மீனை முட்டையிட வைத்தார். இன்றைக்கு அந்த நாள்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம். அப்பாவுக்கு சௌத்ரியையும் தெரியாது, தினத்தையும் தெரியாது. ஆக்ஸிஜன் அடைத்த பாலித்தீன் பையில் விரலிகள் வந்து இறங்கும் என்பது மட்டும் தெரியும்.

மீன்வளத் துறை ஆய்வாளர் ஒருவர் சைக்கிளில் வந்து ‘கூட்டு மீன் வளர்ப்பு’ சொல்லிக் கொடுத்தார். ஒரே குளத்தில் ஆறு வகை. கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் மேல்தட்டில் மேயும், ரோகு நடுவில், மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் துழாவும், புல்கெண்டை வரப்பில் அறுத்துப் போடும் புல்லைத் தின்னும். ஒருவர் இலையில் ஒருவர் கை வைக்காத பந்தி. ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் குஞ்சு.

இந்தப் பந்திக்குச் சமையல் செய்தது சாணி. மீன் சாணியைத் தின்பதாகத்தான் ஊரில் பலர் நினைத்தார்கள். கொஞ்சம் தின்னவும் செய்யும். ஆனால் சாணியின் உண்மையான வேலை வேறு. அது கரைந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீருக்குப் போக, வெயிலில் பாசி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசியைத் தின்று தண்ணீர்ப் பூச்சி பெருகும். இரண்டையும் மீன் தின்னும். தண்ணீர் இளம்பச்சையாக இருந்தால் அப்பா சிரிப்பார். கரும்பச்சை ஆனால் கூடையைக் குறைப்பார். அந்தப் பச்சைக்குள் புரதம், வைட்டமின், தாது உப்பு, நல்ல கொழுப்பு எல்லாம் இருந்தன. அவற்றுக்கு யாரும் பில் போடவில்லை.

தவிடும் புண்ணாக்கும் அதற்கு மேல் ஒரு கூட்டு. இரண்டும் சரிபாதி. முதல் நாள் ராத்திரி ஊறவைத்துக் காலையில் உருண்டை பிடித்து, ஓட்டை போட்ட பழைய சாக்கில் கட்டி, குளத்துக்குள் நட்ட மூங்கில் கழியில் தொங்கவிடுவார். மீன் வந்து ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சும். ஆந்திராவில் கொல்லேறு ஏரியைச் சுற்றி ஏக்கர் ஏக்கராக இதே பை முறைதான். மூங்கில் வரிசைகளில் தவிட்டுப் பை தொங்கும் குளங்கள்தான் அந்தப் பக்கத்தை நாட்டின் மீன் சந்தை ஆக்கின. அப்பாவுக்குச் சாக்கின் கனமே பரிசோதனைக்கூடம். சாயங்காலம் தூக்கிப் பார்ப்பார். காலியாக இருந்தால் நாளைக்கு அரைப்படி கூட. ஈரமாகக் கனத்தால் நாளைக்குப் பட்டினி.

ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஈசல் கிளம்பும் அல்லவா, அன்றைக்கு அப்பா அரிக்கேன் விளக்கை ஒரு கழியில் கட்டிக் குளத்துக்கு மேலே நீட்டி வைப்பார். ஈசல் விளக்கைச் சுற்றிச் சிறகு உதிர்ந்து கொட்டும்; தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் மேலே வந்து புரளும். அன்று தவிட்டுச் செலவு மிச்சம். அந்த ஈசலுக்கு இப்போது என்ன மரியாதை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவையும் என் அண்ணன் மகனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் மீன்வளப் படிப்பு படித்தவன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சித்தப்பா, தாத்தா ஏக்கருக்கு ரெண்டாயிரம் விட்டாரு. நான் அதைப்போல பல மடங்கு விட்டிருக்கேன். குத்தகையும் கரண்ட்டும் கட்டணும்னா வேற வழியில்ல. அத்தனைக்கும் உங்க பச்சைத் தண்ணி எப்படிப் பத்தும்?” என்றான்.

கேள்வி நியாயமானது. கூட்டம் கூடிவிட்டால் குளம் சோறு போடாது; வெளியிலிருந்துதான் போட வேண்டும். குளத்தின் இயற்கை உணவில் தானாகக் கிடைத்த ஒவ்வொன்றையும் இனி தீவன உருண்டைக்குள் எண்ணி வைத்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் மீன் அதைத் தேடிப் போக வேறு இடமில்லை. தீவனச் சேர்மானம் என்ற மொத்த வியாபாரத்துக்கும் அஸ்திவாரம் இதுதான். அதில் மோசடி எதுவும் இல்லை. மோசடி இரண்டாம் மாடியில்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் அஸ்திவாரத்தைப் பார்ப்போம். இன்றைய மிதவைத் தீவனம் எக்ஸ்ட்ரூடர் என்ற இயந்திரத்தில் பிறக்கிறது. மாவை நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்துச் சின்னத் துளை வழியாகத் தள்ளும்போது, வெளியே வந்ததும் அது பொரிந்து உப்பும். அதனால் தண்ணீரில் மிதக்கும். மீன் தின்றதா இல்லையா என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். சாக்கைத் தூக்கிப் பார்க்கும் வேலை ஒழிந்தது. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு? மீனுக்கு மிகப் பொருத்தமான புரதம் மீன் தூள்தான். ஒரு கிலோ மீன் தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். கடலில் மீனைப் பிடித்துக் குளத்து மீனுக்குப் போடுவது எந்த ஊர் நியாயம் என்ற கேள்வியும் உண்டு, விலையும் உண்டு. எனவே அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கு வந்தது. சோயாவில் மெத்தியோனின் குறைவு. கடலைப் புண்ணாக்கில் அதோடு லைசினும் குறைவு. சுவர் எழுப்பப் பத்துச் செங்கல் தேவைப்படும் இடத்தில் ஒன்பது இருந்தால் எப்படியோ, அப்படி ஒரு அமினோ அமிலம் குறைந்தாலும் மற்றவை தசையாகச் சேராமல் வீணாகும். வீணானது அம்மோனியாவாகத் தண்ணீருக்குப் போகும். எனவே அந்த அமினோ அமிலத்தைத் தனியாக வாங்கிச் சேர்க்கிறார்கள். சரியான காரியம்தான்.

அடுத்தது மணிச்சத்து. தவிட்டிலும் சோயாவிலும் அது நிறையவே இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி ‘ஃபைட்டேட்’ என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. அந்தப் பூட்டு துத்தநாகத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். திறக்கிற சாவி ‘ஃபைட்டேஸ்’ என்ற நொதி. மீனிடம் அது போதுமான அளவு இல்லை. மாட்டுக்கு வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன. கெண்டை இனத்துக்கோ வயிறு என்ற உறுப்பே கிடையாது. தொண்டை தாண்டினால் நேரே குடல். ஆகவே அப்பா மூட்டை மூட்டையாகப் போட்ட தவிட்டின் மணிச்சத்தில் முக்கால்வாசி மீனின் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசல் வழியாகக் குளத்துக்கே திரும்பிவிட்டது. மீனுக்குப் போட்டதாக அவர் நினைத்தார். பாசிக்கு உரம் போட்டிருக்கிறார். நல்லவேளை, அந்தப் பாசியை மறுபடி மீன்தான் தின்றது. இன்று தீவனத்தில் ஃபைட்டேஸ் சேர்க்கிறார்கள். அந்த நொதிக்குச் சூடு ஆகாது என்பதால், வெந்து வந்த உருண்டையின் மேல் கடைசியாகத் தெளிக்கிறார்கள்.

வைட்டமின் சி கதை இன்னும் சுவையானது. ஆடும் மாடும் அதைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனால் முடியாது, பெரும்பாலான மீன்களாலும் முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நாமும் கெண்டையும் ஒரே சாதி. பற்றாக்குறை வந்தால் மீனுக்கு முதுகெலும்பு வளைந்துபோகும், காயம் ஆறாது. பச்சைத் தண்ணீர்க் குளத்தில் பாசியிலிருந்து கிடைத்துவிட்டதால் அப்பா வளைந்த மீனை அதிகம் பார்த்ததில்லை. நெருக்கி வளர்க்கும் குளத்தில் தீவனம் கொடுத்தால்தான் உண்டு. சாதாரண வைட்டமின் சி எக்ஸ்ட்ரூடர் சூட்டிலும், கிடங்கில் கிடக்கும்போதும் கெட்டுப்போகும். அதனால் பாஸ்பேட்டோடு பிணைத்த, நிலைத்து நிற்கும் வகையைப் போடுகிறார்கள். பையின் மேல் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னவை எல்லாம் தீவன ஆலையிலேயே கலந்து வருபவை. பிறகு கொட்டகையில் அத்தனை டப்பா எதற்கு? அதுதான் இரண்டாம் மாடி.

காலை ஏழு மணிக்கு அண்ணன் மகன் வேப்பமர நிழலில் தார்ப்பாயை விரிப்பான். தீவனத்தைப் பரப்புவான். ஒரு வாளியில் தண்ணீர். அதில் புரோபயாடிக்கைக் கரைப்பான். இன்னொரு மக்கில் மினரல். டப்பாவின் மேல் ‘கிலோ தீவனத்துக்கு ஐந்து கிராம்’ என்று இருந்தால், ஐந்தைத் தாண்டி ஒரு துணுக்கு விழுந்தாலும் கரண்டி நுனியால் திரும்ப எடுப்பான். கரைசலைத் தெளித்து, கையால் பிசறி, மேலே ஜெல்லை ஊற்றி மறுபடி பிசறுவான். உருண்டைகள் எண்ணெய் தடவிய தலை மாதிரி மினுங்கும். அரைமணி நேரம் நிழலில் உலரவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் புரோபயாடிக்கின் உயிர் போய்விடும். காயாமல் வீசினால் அத்தனையும் தண்ணீரில் கரைந்து தவளைக்குப் போய்ச் சேரும். அவன் பிசறும்போது எனக்கு அப்பா உருண்டை பிடித்தது நினைவுக்கு வரும். கை அசைவு ஒன்றுதான். அப்பாவின் கையில் ஒட்டியிருந்தது தவிடு. இவன் கையில் ஒட்டியிருப்பதன் விலை கிலோவுக்குப் பல நூறு ரூபாய்.

அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்கப் பழைய முகங்கள் தட்டுப்பட்டன.

டாக்சின் பைண்டர் என்பதன் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘பென்டோனைட்’ என்று போட்டிருந்தது. அது ஒரு வகைக் களிமண். கட்ச் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். என் சிறுவயதில் புண்ணாக்கு வியாபாரி ஒருவர் எடை கூடுவதற்காகப் புண்ணாக்கில் மண் கலந்து விற்றார். அப்பா அந்த மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோய், கடைத்தெரு கூடுமளவுக்குச் சண்டை போட்டார். இன்று அவர் பேரன் மண்ணைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கித் தீவனத்தில் அவனே கலக்கிறான்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் விஷயம் அப்படியும் இல்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரியும். அதே காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரவுட் மீன்களுக்கு ஈரலில் கட்டி வந்ததற்கும் பிற்பாடு இதே நஞ்சைத்தான் காரணமாகக் கண்டார்கள்; அது வந்த வழி பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. அப்பா மழைக்காலத்தில் பச்சைப் பூசணம் பிடித்த புண்ணாக்கை ஒருபோதும் எறிந்ததில்லை. “மாட்டுக்குத்தான் ஆகாது, மீனுக்கு என்ன?” என்று தட்டிவிட்டு ஊறவைப்பார். அந்த நஞ்சைக் குடலிலேயே பிடித்து வைத்து வெளியேற்றும் வேலையைத்தான் இந்தக் களிமண் செய்கிறது. ஆக, வியாபாரி கலந்த மண் அயோக்கியத்தனம். இந்த மண் மருந்து. வேறுபாடு எது என்று கேட்டால், சுத்தமும் அளவும், அதோடு எதற்காகக் கலக்கிறோம் என்பதும்தான். மூட்டையைத் தரையில் போடாமல் கட்டைமேல் அடுக்கி ஈரம் படாமல் காத்தால், மண்ணின் தேவையே பாதி குறையும் என்பதை மட்டும் எந்த டப்பாவும் சொல்லாது.

ஈஸ்ட் பொடி இன்னொரு பழைய முகம். ரொட்டியையும் பீரையும் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். அதன் செல் சுவரிலிருந்து பீட்டா குளுக்கான், மானன் என்று இரண்டு சரக்கைப் பிரித்து எடுக்கிறார்கள். முன்னது மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். பின்னது கெட்ட கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து இறால் பண்ணைக்காரர்கள் தவிட்டையும் வெல்லத்தையும் ஈஸ்டோடு டிரம்மில் புளிக்கவைத்துக் குளத்தில் ஊற்றுகிறார்கள். அப்பாவின் ஊறிய தவிடு இரண்டாம் நாள் புளித்து நுரைத்தால், “கெட்டுப்போச்சு” என்று அம்மா திட்டுவாள். அம்மா திட்டியது இப்போது ‘ஃபெர்மென்டேஷன்’ என்ற பெயரில் பயிற்சி வகுப்பில் இருக்கிறது.

பூண்டும் மஞ்சளும் வந்துவிட்டன. பூண்டுச் சாறு சேர்த்த தீவனத்தில் மீன் நன்றாக வளர்கிறதா, கிருமியைத் தாங்குகிறதா என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுகிறார்கள். மீனுக்குப் பூண்டும் மஞ்சளும் சேர்ப்பது எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. ஒரு வித்தியாசம், மீன் அப்போது சட்டியில் இருக்கும்.

ஈசலுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலை 1 முதல் பண்ணை மீன் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. கருப்புப் படைவீரன் ஈ என்று ஒன்று. அதன் புழுவைக் காய்கறிக் கழிவில் வளர்த்து, உலர்த்தி, கொழுப்பைப் பிழிந்து, தூளாக்கித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். மீன் தூளுக்கு நல்ல மாற்று என்று பேசுகிறார்கள். நம் ஊரிலும் அதற்குத் தொழிற்கூடங்கள் வந்துவிட்டன. அப்பாவின் தொழிற்கூடத்துக்கு முதலீடு ஒரு அரிக்கேன் விளக்கும் அரைப்படி மண்ணெண்ணெயும்.

ஜிலேபி மீனின் கதை தனி. 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. கண்ட இடத்தில் குஞ்சு பொரித்து, குளத்தையே நிறைத்து, எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். 1959இலேயே அதைப் பரப்பக் கூடாது என்று தடை வந்தது. தடையை ஜிலேபி மதிக்கவில்லை. அப்பா அதை வலையிலிருந்து பிய்த்துக் கரையில் எறிவார். இன்று அதன் உறவான நைல் திலேப்பியாவின் செம்மைப்படுத்திய வகை ‘கிஃப்ட்’, நிபந்தனைகளோடும் உரிமத்தோடும் மரியாதையாக வளர்கிறது. ஆண் மீன்தான் வேகமாக வளரும் என்பதால், பல நாட்டுப் பொரிப்பகங்களில் பொரித்த குஞ்சுக்கு முதல் மூன்று நான்கு வாரம் கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் ஆண் ஹார்மோன் கலந்து கொடுத்து, எல்லாவற்றையும் ஆணாக்கிவிடுகிறார்கள். அப்பா கரையில் எறிந்ததன் உறவு, பேரனுக்குக் கிஃப்ட்.

இரண்டாம் மாடியில் மோசடி என்று சொன்னேன் அல்லவா. அது மோட்டார் பைக்கில் வரும். கம்பெனி பெயர் பொறித்த சட்டை, கையில் டேப்லெட். எல்லோரும் அவரை ‘டெக்னீஷியன் சார்’ என்பார்கள். ஒரு நாள் அவர் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை வைத்து, “குரோத் பூஸ்டர் சார். பதினஞ்சு நாள்ல வித்தியாசம் தெரியும்” என்றார்.

“உள்ள என்ன இருக்குங்க?” என்று கேட்டேன்.

“நேச்சுரல் எக்ஸ்ட்ராக்ட்ஸ் சார்.”

“எதோட எக்ஸ்ட்ராக்ட்?”

“அது கம்பெனி சீக்ரெட் சார்.”

“சரி, எதுல குறைபாடு இருந்தா இதக் குடுக்கணும்?”

“குறைபாடே வராம இருக்கத்தான் சார் இது.”

நோயே இல்லாதவனுக்கு மருந்து விற்பவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? அண்ணன் மகன் பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தான். வெல்லப்பாகு வாசனை அடித்தது. வாங்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் வாங்கினார்கள். அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது, மீனும் நன்றாக வளர்ந்தது, பாராட்டு பாட்டிலுக்குப் போயிற்று.

வெல்லப்பாகு என்றால் பணம்தான் போகும். அதைவிட மோசமான வளர்ச்சி ஊக்கி ஒன்று உண்டு. 1950 வாக்கில் அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலந்தால் கோழி சீக்கிரம் எடை ஏறுகிறது என்று கண்டார்கள். அன்றிலிருந்து கால்நடைத் தீவனத்தில் அது உப்பைப் போல் சேர்ந்தது. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொண்ட பிறகுதான் உலகம் விழித்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முழுக்க நிறுத்தியது. நம் ஊர் இறாலில் குளோராம்பெனிக்கால் எச்சம் இருப்பதாகச் சொல்லி 2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சரக்கைத் திருப்பியது பலருக்கு நினைவிருக்கும். இன்று அது நம் நாட்டிலும் மீன் வளர்ப்பில் தடை செய்த மருந்து. புரோபயாடிக் பக்கம் உலகம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். கிருமியைக் கொல்வதை விட்டு, நல்ல கிருமியைக் குடிவைப்பது. அப்பாவின் குளத்தில் அந்தக் குடித்தனக்காரர்கள் வாடகை இல்லாமல் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மீன் வாங்க வருபவர்களின் வேடிக்கையும் இருக்கிறது. “பண்ணை மீனா? மருந்து போட்டு வளப்பீங்களே” என்று முகம் சுளிப்பார்கள். “அந்தக் காலத்துல ஊர்க் குளத்து மீனுக்கு இருந்த ருசி!” என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தக் காலத்து ஊர்க் குளத்து மீனை வீட்டில் கழுவியவர்களைக் கேட்டால் தெரியும். கல் உப்பும் புளியும் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் சேற்று வாடை போகாது. குளத்தில் நீலப்பச்சைப் பாசி மிஞ்சினால் உண்டாகும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளின் வாடை அது. மீனின் கொழுப்பில் ஏறிக்கொள்ளும். இதே வாடிக்கையாளர்கள் சூப்பர் மார்க்கெட்டில் நார்வே சால்மனின் செம்மஞ்சள் நிறத்தைப் பார்த்து வியந்து வாங்குவார்கள். இயற்கையில் வளரும் சால்மனுக்கு அந்த நிறம் இறால் இனங்களைத் தின்பதால் வருகிறது. பண்ணைச் சால்மனுக்கு அஸ்டாக்சாந்தின் என்ற சேர்மானத்தால் வருகிறது. போடாவிட்டால் சதை வெளிறிக் கிடக்கும், சீண்ட ஆளிருக்காது.

அப்பா காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மேகமூட்டமான நாட்களின் விடியற்காலை ஞாபகம் வந்து தடுக்கிறது. முந்தின நாள் சாணி ஒரு கூடை கூடிவிட்டால், ராத்திரியில் தண்ணீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோய், விடியும்போது மீன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வரும். அப்பா எங்களை உலுக்கி எழுப்பிக் குளத்தில் தள்ளுவார். இருட்டில் குளிரில் கையையும் காலையும் அடித்துத் தண்ணீரைக் கலக்குவோம். இன்றைய ஏரேட்டர் செய்யும் வேலையை அன்று பிள்ளைகள் செய்தோம். சில நாள் மீன் பிழைக்கும். சில நாள் ஏலத்தொகையே மிதக்கும். பேரன் கரையில் பட்டனைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறான். அந்தப் பட்டனுக்கு முன்னால் என் பொற்காலம் நிற்காது.

ஆகவே கணக்குக்கு வருவோம். மூன்று டன் மீன் எடுக்கும் பண்ணையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் செலவானால் நாலரை டன் தீவனம். ஒரு சேர்மானத்தால் அந்த ஒன்றரை 1.4 ஆகக் குறைந்தால் 300 கிலோ தீவனம் மிச்சம். அந்த 300 கிலோவின் விலை, சேர்மானத்துக்குக் கொடுத்த விலையைவிட அதிகமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் டப்பா உள்ளே இருக்கலாம், சொல்லாதது வெளியே போகட்டும் என்று அண்ணன் மகனிடம் சொன்னேன். இரண்டு குளத்துக்கு ஒரே குஞ்சு, ஒரே எண்ணிக்கை, ஒரே தீவனம். ஒன்றுக்கு மட்டும் சேர்மானம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வீச்சு வலை போட்டு எடை பார்த்து எழுதினோம். மினரல் மிக்ஸும் புரோபயாடிக்கும் தங்கள் சம்பளத்தைத் தாங்களே சம்பாதித்தன. லிவர் டானிக் போட்ட குளத்துக்கும் போடாத குளத்துக்கும் வலையில் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் தண்ணீருக்கும் எங்கள் தீவனத்துக்கும் கிடைத்த விடை இது. உங்கள் குளத்துக்கு வேறாக இருக்கலாம். அதனால்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் சொன்னார் என்று வாங்கக் கூடாது.

புதிதாக மீன் வளர்க்க வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்ல இவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், எப்போது காலாவதி என்று எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். ஆலைத் தீவனத்தில் ஏற்கனவே இருப்பதையே இன்னொரு தடவை காசு கொடுத்து மேலே பூசாதீர்கள்; பையின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். வளர்ச்சிக்கு என்று சொல்லி யார் ஆண்டிபயாடிக் கொடுத்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தீவன மூட்டையில் ஈரம் படவிடாதீர்கள். விடியற்காலையில் எழுந்து தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் இன்னும் யாரும் விலை வைக்கவில்லை, வைப்பதற்குள் பழகிக்கொள்ளுங்கள்.